சல்லடை மூடியைத் தூக்கிய கை

ஜன்னலைச் சாத்தாதீங்க சார், கொஞ்சம் காத்து வரட்டும். முன்னாடி சீட்டுல எவனோ தலை நிறைய எண்ணெயைத் தடவிக்கிட்டு வந்து சாஞ்சிருக்கான், பாருங்க, கம்பியெல்லாம் பிசுபிசுன்னு. எனக்கு இந்த மாதிரி எதையும் கண்ணால பாக்க ஆகாது. பாத்தா வயித்தைப் பெரட்டும். சின்ன வயசுல இருந்தே அப்படித்தான். சுத்தம் சார், சுத்தம். எங்கிட்ட வேற எந்தக் கெட்ட பழக்கமும் இல்லை, அது ஒண்ணுதான்.

நானும் தென்காசிதான். மக வீடு. மதுரையில விளாங்குடியில இருக்கேன். ஒரு காலேஜுல கெமிஸ்ட்ரி லேப் அசிஸ்டெண்டா முப்பத்திரண்டு வருஷம். பேரு பரமானந்தம். ரிடையர் ஆகி நாலு வருஷம் ஆகுது.

சண்டை போட்டுட்டு வந்த மூஞ்சி மாதிரியா தெரியுது? தெரியும், தெரியும். தெரியாம என்ன செய்யும். மூணு நாளாச்சு சார், நான் செங்கல் செங்கலா பாத்துக் கட்டின வீட்டுல எனக்கு ஒரு வாய் சோறு கிடையாது. சொன்னா சிரிப்பீங்க. எதனாலங்கிறீங்க? பாத்ரூம்ல தண்ணி போற ஓட்டையால. ஆமா சார். அந்த ஓட்டை அடைச்சுக்கிட்டது, குடும்பமே ரெண்டாப் போகப் போகுது.

முறையாச் சொல்றேன், கேளுங்க. தொண்ணூத்தி மூணுல கட்டின வீடு. கீழ ஒரு பாத்ரூம், மாடியில ஒரு பாத்ரூம். மாடி பாத்ரூமுக்கு நேர் கீழதான் நாங்க சாப்பிடுற எடம், மேசை போட்டிருக்கோம். அந்தக் காலத்துல இந்த பிளாஸ்டிக் குழாயெல்லாம் அவ்வளவா யாரும் நம்பலை. வார்ப்பிரும்புக் குழாயைத்தான் கான்கிரீட்டுக்குள்ள பதிச்சேன். முப்பது வருஷம் சார். முப்பது வருஷம் ஒரு நாள் தண்ணி தேங்கினது இல்லை. ஊத்துன தண்ணி ஊத்தினபடி போகும். அக்கம்பக்கத்துல எல்லாரும் அடைச்சிருச்சு அடைச்சிருச்சுன்னு ஆளைத் தேடி அலைவாய்ங்க. நான் மிதப்பாச் சொல்லுவேன், வேலையில தரம் வேணுமப்பான்னு. 

அப்புறம் என் மகன் பிரபாகருக்குக் கல்யாணம் பண்ணினோம். பொண்ணு சாத்தூர். மாரீஸ்வரின்னு பேரு. அவுக அப்பா அங்க பைப்புக் கடை வச்சிருக்காரு. பொண்ணு நல்ல பொண்ணுதான், நான் குறை சொல்லலை. ஆனா முடி. இடுப்புக்குக் கீழ வரைக்கும் முடி. பொண்ணு பாக்கப் போனப்ப என் வீட்டுக்காரி இந்திராணி அதைப் பாத்துத்தான் மயங்கினா. எனக்கு அப்பவே உள்ளுக்குள்ள ஒரு மாதிரி இருந்துச்சு. தலையில இருக்கிற வரைக்கும்தான் சார் அது கூந்தல். கீழ விழுந்துட்டா அதைவிட அருவருப்பான பண்டம் உலகத்துல வேற எது இருக்கு?

அவ வந்து ஒரு அஞ்சாறு மாசம் ஒண்ணும் தெரியலை. அதுக்கு இடையில இந்திராணிக்கு முட்டி ஆபரேஷன் ஆச்சு. மாடி ஏறக் கூடாது, குத்த வைக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அது ஒரு பக்கம். சரியா அந்த நேரம் பாத்து மாடி பாத்ரூம்ல தண்ணி நிக்க ஆரம்பிச்சுது. முதல்ல பாதம் நனையிற அளவு. அப்புறம் கணுக்கால் அளவு. சனிக்கிழமை சனிக்கிழமை நான் மாடியிலதான் எண்ணெய் தேச்சுக் குளிக்கிறது. மொட்டைமாடி வெயில்ல ஊற உக்காந்துட்டு, சீயக்காய்த் தூளை நல்லாக் குழைச்சுத் தேச்சு ஊத்திக்குவேன். அன்னைக்கு ஊத்தின தண்ணி என் காலைச் சுத்தி நிக்குது சார். நுரையும் அழுக்குமா. அதுல ஒரு நீள முடி மெதக்குது. எனக்கு ஓங்கரிச்சுக்கிட்டு வந்துருச்சு.

கீழ இறங்கி வந்து பொதுவாச் சொன்னேன். யாரையும் பேர் சொல்லிச் சொல்லலை, நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. முப்பது வருஷமா போன தண்ணி இப்ப ஏன் போக மாட்டேங்குது, புதுசா என்ன வந்துச்சு இந்த வீட்டுக்குள்ளன்னு கேட்டேன். அவ்வளவுதான். மாரீஸ்வரி மறுநாள்ல இருந்து மொட்டைமாடியில போய்த் தலை சீவினா. விழுற முடியை ஒண்ணு விடாமக் காகிதத்துல பொறுக்கிச் சுருட்டினா. ஓட்டை மேல கொசுவலைத் துணி ஒண்ணு வெட்டிப் போட்டா. நான் தினமும் போய்ப் பாப்பேன். தண்ணி போகலை. ஒரு நாள் மத்தியானம் கடைக்குப் போறேன்னு போனவ, தோள்பட்டை வரைக்கும் வெட்டிட்டு வந்து நிக்கிறா. இந்திராணி அழுதா. மகன் எங்கிட்ட ஒரு வாரம் மூஞ்சி குடுத்துப் பேசலை. நான் வெட்டச் சொன்னேனா? நீங்களே சொல்லுங்க. நான் அவகிட்ட வாயைத் திறந்து ஒரு வார்த்தை வெட்டுன்னு சொல்லலை.

வெட்டியும் தண்ணி போகலைங்கிறதுதான் விஷயம். சரி, உள்ள போனது போனதுதானே, அது எப்படித் தானா வரும்னு நினைச்சேன். ஆசிட் வாங்கிட்டு வந்தேன். ஆசிட்டோட முப்பத்திரண்டு வருஷம் பழகினவன் சார் நான். பையங்க பயந்து நடுங்குவாய்ங்க, நான் பால் ஊத்துற மாதிரி ஊத்துவேன். அரை பாட்டில் ஊத்தினேன். குபுகுபுன்னு புகை. கண்ணு எரிச்சல், தொண்டை எரிச்சல். மாரீஸ்வரி ஓடி வந்து ஜன்னலைத் திறந்து விட்டா. அப்புறம் சொன்னா, பக்கத்துல ப்ளீச்சிங் பவுடர் இருக்கு மாமா, இதுவும் அதுவும் கலந்தா ஆளையே கொன்னுரும்னு. எனக்குத் தெரியாதா அது? லேப்ல நான் சொல்லிக் குடுத்தது. எனக்கே பாடம்.

அன்னைக்குத் தண்ணி கொஞ்சம் இறங்குச்சு. மறு வாரம் பழையபடி. மறுபடி அரை பாட்டில். இப்படி வாராவாரம். அஞ்சாறு வாரம் ஆனப்புறம் அவ என் எதிர்ல வந்து நின்னு, ரொம்ப மரியாதையாத்தான், ஒண்ணு கேட்டா.

"மாமா, காலேஜுல இரும்புத் துகள்ல ஆசிட்டை ஊத்திப் பையங்களுக்குக் காட்டுவீங்கள்ல, அது என்ன ஆகும்?"

"கரையும். இரும்புல்ல, அரிச்சிரும்."

"நம்ம குழாயும் இரும்புதானே மாமா."

எனக்குச் சுருக்குன்னுச்சு. அது லேப்பு, இது வீடுன்னு சொன்னேன். வேற என்ன சொல்ல? பைப்புக் கடைக்காரர் மக எனக்குக் கெமிஸ்ட்ரி சொல்லித் தர வந்துட்டா. அவ விடலை. ஆசிட் முடியைக் கரைக்கிறதுக்கு முன்னாடி குழாயையும், ஜாயிண்டையும், தரைக்கல்லு இடுக்குல பூசின சிமிட்டையும் தின்னுரும், அப்பா கடைக்கு வர்றதுல பாதிப் பேரு இப்படி ஊத்திக் கெடுத்துக்கிட்டு வர்றவங்கதான்னா. முதல்ல தேங்குன தண்ணியை மொண்டு வெளியில ஊத்திரணுமாம். அப்புறம் கை பொறுக்கிற சூட்டுல தண்ணி, அதுல பாத்திரம் கழுவுற சோப்புத் திரவம், ஊத்திட்டுக் கொஞ்ச நேரம் விடணுமாம். கொதிக்கக் கொதிக்க ஊத்தக் கூடாதாம். அப்புறம் ஆப்பசோடாவைத் தூவி வினிகர் விடணுமாம். ரப்பர் கிண்ணம் வச்ச பம்பால ரெண்டு அமுக்கு அமுக்கணுமாம். ஆப்பசோடா ஆப்பத்துக்கு, வினிகர் ஊறுகாய்க்கு, பாத்ரூமை என்ன அடுப்படின்னு நினைச்சியான்னு கேட்டேன். கேட்டதுல தப்பு இருக்கா சார்?

செஞ்சும் பாத்தா. ரெண்டு நாள் நல்லாப் போச்சு, பொய் சொல்லக் கூடாது. மூணாம் நாள் மறுபடி தேங்குச்சு. அப்பத்தான் அவ சொன்னா, உள்ள கட்டியா இருக்கு மாமா, மூடியைத் தூக்கிட்டுக் கையாலதான் எடுக்கணும்னு. கையால. கையாலங்கிறா சார். எனக்கு அந்த வார்த்தையே குமட்டுச்சு. அதுக்குன்னு ஆள் இருக்காங்க, தெருமுனையில போய்ச் சொன்னா வருவாய்ங்க, அவய்ங்களுக்கு அது பழக்கம்னேன். அதுக்கு அவ, "நம்ம தலை அழுக்குக்கு எதுக்கு மாமா இன்னொருத்தர் கை"ன்னா. பேச்சைப் பாருங்க.

இப்படியே இழுத்துக்கிட்டு இருந்தப்பத்தான் போன ஞாயித்துக்கு முந்தின ஞாயித்துக்கிழமை காலையில அது நடந்துச்சு. இட்லி சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன். டப்புன்னு ஒரு சொட்டு. சட்னியில. அண்ணாந்து பாக்கேன், மச்சுல ஒரு பழுப்பு வட்டம், தோசைக்கல்லு அகலத்துக்கு. அதோட நடுவுல இன்னொரு சொட்டு திரண்டு நிக்குது. மழையும் கிடையாது. மாடியில யாரோ குளிச்ச தண்ணி சார் அது. குளிச்ச தண்ணி. என் தட்டுல. அதுக்கு முன்னாடி எத்தனை சொட்டு விழுந்துச்சோ, எத்தனை சொட்டை நான் தொட்டுத் தின்னேனோ, அதை நினைச்சு நினைச்சு நான் அன்னைக்கு மூணு தடவை வாந்தி எடுத்தேன்.

பிளம்பருக்குப் போன் போட்டா ஞாயித்துக்கிழமை எவன் வருவான்? நாளைக்கு வாரேன், அதுவரைக்கும் மேல தண்ணி தேங்க விடாதீங்கன்னு சொல்லிட்டான். தேங்குனா சொட்டும். சொட்டாம இருக்கணும்னா அடைப்பு போகணும். மகனும் அன்னைக்கு ஊர்ல இல்லை, சாயங்காலந்தான் வர்றான். நான் மேசையை இழுத்து அந்தப் பக்கம் போட்டுட்டு உக்காந்திருந்தேன். மேல என்னமோ சத்தம் கேக்குதேன்னு போய்ப் பாத்தேன். பாத்திருக்கக் கூடாது. அதுதான் நான் செஞ்ச ஒரே தப்பு.

அந்தப் பொண்ணு தரையில முட்டி போட்டு உக்காந்திருக்கா. சேலையைத் தூக்கிச் சொருகியிருக்கா. சல்லடை மூடி திருகாணியோட பக்கத்துல கிடக்கு. முதல்ல கையில பாலிதீன் கவர் மாட்டித்தான் எடுத்திருக்கா போல, வழுக்கி வழுக்கி வரலைன்னு கவரைக் கழட்டி எறிஞ்சுட்டா. வெறுங்கை. முழங்கை வரைக்கும் உள்ள விட்டு, பல்லைக் கடிச்சுக்கிட்டு இழுக்கா. வந்துச்சு பாருங்க. கறுப்பா, கொழகொழன்னு, ஒரு முழ நீளத்துக்கு. செத்த பெருச்சாளி மாதிரி. அந்த நாத்தம், அப்பா, இப்பச் சொல்றப்பவே எனக்கு மூக்குக்குள்ள வருது. பக்கத்துல பக்கெட்டுல போட்டா. மறுபடி கையை விட்டா. இன்னொரு கட்டி. அது பச்சையும் பழுப்புமா பிண்ணாக்கு மாதிரி. தேங்கி நின்ன தண்ணி கடகடன்னு சத்தம் போட்டுக்கிட்டு உள்ள போச்சு. அவ என்னைத் திரும்பிப் பாத்துச் சிரிச்சா. மூஞ்சியெல்லாம் வேர்வை. போயிருச்சு மாமான்னா.

நான் திரும்பி இறங்கி வந்துட்டேன்.

அவ சோப்பு போட்டுக் கழுவினா. இல்லைங்கலை. மூணு தடவை கழுவினா, தலைக்குக் குளிச்சா, துணி மாத்தினா. மாத்திட்டு வந்து ராத்திரிக்குச் சமைச்சா. கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு, அப்பளம். மகனும் வந்துட்டான், எல்லாரும் உக்காந்தோம். அவதான் பரிமாறுறா. குழம்பு கரண்டியில வருது, சரி. சோறு கரண்டியில வருது, சரி. அப்பளத்தைக் கையால எடுத்து என் தட்டுல வச்சா சார். அந்தக் கை. அந்த விரல். நகத்துக்குள்ள என்ன இருக்குன்னு யாரு கண்டா? எனக்குத் தட்டுல சோறே தெரியலை, அந்தக் கட்டிதான் தெரியுது. எந்திரிச்சுட்டேன்.

"அந்தக் கையால போட்ட சோறு எனக்கு வேண்டாம்"னு சொன்னேன்.

ஆமா, எல்லாரும் இருக்கப்பத்தான் சொன்னேன். மனசுல ஒண்ணு வச்சு வெளியில ஒண்ணு பேச எனக்கு வராது. அவ கையை அப்படியே வச்சுக்கிட்டு நின்னா. மூணு தடவை கழுவினேனே மாமான்னு மெதுவாச் சொன்னா. ஆயிரந்தடவை கழுவு, என் கண்ணு பாத்ததை எதை வச்சுக் கழுவன்னு கேட்டேன். கேள்வி சரிதானே? மாரீஸ்வரி அடுப்படிக்குப் போயிட்டா. இந்திராணி அவ பின்னாடி போனா.

திங்கக்கிழமை பிளம்பர் வந்து மச்சுப் பூச்சை உடைச்சுப் பாத்தான். ஜாயிண்டு அரிச்சுப் போய் சல்லடையா இருக்கு, யாருங்க இதுல ஆசிட் ஊத்தினதுன்னான். எனக்குத் தெரியாதுன்னேன். வேலைக்காரன்கிட்ட எல்லாம் விளக்கம் சொல்லிக்கிட்டு இருக்க முடியுமா? அந்தத் துண்டை வெட்டி எடுத்துட்டு பிளாஸ்டிக் குழாய் போட்டுக் குடுத்துட்டுப் போனான்.

அந்த வாரம் பூரா இந்திராணி எனக்குத் தனியாச் சமைச்சுப் போட்டா. தனியா ஒரு சின்ன ஸ்டவ் இருக்கு, அதுல. முட்டி வலியோட நின்னுக்கிட்டு, ஒரு சின்னக் குக்கர்ல ஒரு ஆளுக்குச் சோறு. நான் நினைச்சேன், என் வீட்டுக்காரிக்கு என்னைத் தெரியும், நாப்பது வருஷத்துப் பழக்கம், அவ என் பக்கம்னு. போடுவா, நான் சாப்பிடுவேன், தட்டை எடுத்துட்டுப் போவா. இன்னொரு பக்கம் மகன் வாடகைக்கு வீடு பாத்துட்டான். திருநகர்ல. வர்ற வெள்ளிக்கிழமை பால் காச்சுறாங்களாம். எங்கிட்ட நேராச் சொல்லலை, போன்ல யார்கிட்டயோ சொல்றது காதுல விழுந்துச்சு. ஒத்த ஆம்பளப் பிள்ளை சார். அவன் போயிட்டா அந்த வீட்டுல என்ன இருக்கு?

சனிக்கிழமை எண்ணெய் தேச்சுக் குளிச்சுட்டு வந்து மத்தியானம் உக்காந்தேன். தட்டு வரலை. இந்திராணி வந்து எதிர் நாற்காலியில உக்காந்தா. அவ என் எதிர்ல உக்காந்து நான் பாத்ததே இல்லை, நான் சாப்பிடுறப்ப பக்கத்துல நிப்பா, அவ்வளவுதான். மாரீஸ்வரி அடுப்படி வாசல்ல நின்னா. அத்தை விடுங்க அத்தைன்னா. இந்திராணி அவளைப் பாக்கவே இல்லை. என்னைப் பாத்துக் கேட்டா.

"முப்பது வருஷமா அந்தக் குழாய் ஏன் அடைக்கலைன்னு நினைக்கிறீங்க?"

வேலையில தரம்னேன். அவ சிரிச்சா சார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கலை.

"நான் எடுத்தேன். வீடு குடிவந்த வருஷத்துல இருந்து. செவ்வாயும் வெள்ளியும், நீங்க காலேஜுக்குக் கிளம்பினப்புறம். கீழ ஒண்ணு, மாடியில ஒண்ணு. மூடியைத் தூக்கிட்டு, குடைக்கம்பியை வளைச்சு விட்டு இழுப்பேன். கம்பிக்கு வராததைக் கையால எடுப்பேன். எடுத்துட்டுக் குளிச்சுட்டு வந்து அடுப்பு பத்த வைப்பேன். ஒரு மணிக்கு நீங்க வந்து உக்காந்து சாப்பிடுவீங்க."

பாத்ரூம் கதவுக்குப் பின்னாடி ஆணியில ஒரு பழைய குடைக்கம்பி எப்பவும் தொங்கும் சார். எத்தனையோ தடவை பாத்திருக்கேன். துணி காயப் போடுறதுக்கு வச்சிருக்கான்னு நினைச்சேன். 

அவ நிறுத்தலை. "முட்டி ஆபரேஷன் ஆன அன்னையில இருந்து என்னால உக்கார முடியலை. அன்னையில இருந்துதான் தண்ணி நிக்குது. அந்தப் பிள்ளை முடியால இல்லை. அவ வாளியில போட்டுக் கீழ கொண்டு வந்தாளே, அதை நான் பாத்தேன். முடி ஒரு கைப்பிடிதான். மிச்சமெல்லாம் உங்க எண்ணெயும் சீயக்காயும்"னா.

இதை நான் ஒத்துக்கலை சார். சீயக்காய் சுத்தமான சாமான். அழுக்கு எடுக்கிற சாமான் எப்படி அழுக்காகும்? அதை அவகிட்ட கேட்டேன். அவ அந்தக் கேள்வியைக் காதுலயே வாங்கலை. இனிமே தனி அடுப்பு கிடையாதுன்னா. மாரி போடுறதை ஒரு வாய் தின்னுங்க, அவ கையால, எல்லாரும் இருக்கப்ப. தின்னா இவங்க வெள்ளிக்கிழமை போக மாட்டாங்க, நான் கேட்டுக்கிட்டேன், சரின்னுட்டாங்க. இல்லைன்னா அவங்களோட நானும் போறேன். நாப்பது வருஷம் போட்டாச்சு, போதும்னா.

ஒரு வாய். கேக்க லேசாத்தான் இருக்கு. ஞாயித்துக்கிழமை நான் முயற்சி பண்ணலைன்னு நினைக்காதீங்க. உக்காந்தேன். மாரீஸ்வரி தட்டைக் கொண்டு வந்து வச்சா. தயிர்ச்சோறு, பிசைஞ்சு வச்சிருந்தா. நல்ல பொண்ணு, அன்னைக்குக் கூட மூஞ்சியில கோவம் காட்டலை. மகன் நிக்கிறான், இந்திராணி நிக்கிறா. கையில எடுத்துட்டேன். வாய் வரைக்கும் கொண்டு போனேன். வாய் திறக்கலை. சத்தியமாச் சொல்றேன், வேணும்னு செய்யலை. திரும்ப இறக்கி வச்சுட்டேன். மகன் தலையில அடிச்சுக்கிட்டு மாடிக்குப் போயிட்டான்.

அன்னையில இருந்து வாழைப்பழம். ஓட்டலுக்குப் போலாம்தான். போனேன். உக்காந்தேன். பரிமாறுற ஆளோட கையைப் பாத்தேன். இந்தக் கை காலையில எதுக்குள்ள போயிட்டு வந்துச்சோன்னு ஒரு நினைப்பு. எந்திரிச்சு வந்துட்டேன். முன்னாடியெல்லாம் இப்படி இல்லை சார். முன்னாடி நான் யார் கையையும் பாத்ததில்லை.

மக வீட்டுக்கு வர்றேன்னு பஸ் ஸ்டாண்டுல இருந்து போன் போட்டேன். உமா, எனக்கு ரொம்பச் செல்லம். நடந்ததைச் சொன்னேன். கேட்டுக்கிட்டே இருந்தா. அப்பா பாவம்னு சொல்லுவான்னு பாத்தேன். "வாங்கப்பா, ஆனா இப்பவே சொல்லிர்றேன். இங்க நான்தான் எடுக்கிறேன், வாரத்துக்கு ஒருக்கா. அம்மாதான் கல்யாணத்துக்கு முன்னாடி உக்கார வச்சுச் சொல்லிக் குடுத்தாங்க. வந்து சாப்பிடுவீங்களா, மாட்டீங்களா, அதை மட்டும் சொல்லுங்க, அதுக்குத் தகுந்த மாதிரி உலை வைக்கிறேன்"னுட்டா.

சரியாச் சொல்லாம வச்சுட்டேன். டிக்கெட் எடுத்தாச்சு, ஏறி உக்காந்தாச்சு. தென்காசியில இறங்கி எங்க போறதுன்னு கேக்காதீங்க. எனக்கே தெரியாது.

அதை விடுங்க. எனக்கு இப்ப அடிவயித்துல இருக்கிற எரிச்சல் வேற. முப்பது வருஷம் என்னை ஏமாத்தியிருக்கா சார். கூட வாழ்ந்தவ. வாரத்துக்கு ரெண்டு நாள் வச்சா வருஷத்துக்கு எத்தனை, முப்பது வருஷத்துக்கு எத்தனை, லேப்ல கணக்குப் போட்டுப் பழகின மூளை, அது பாட்டுக்குப் பெருக்கிக்கிட்டே இருக்கு. நிறுத்த முடியலை. அத்தனை நாளும் நான் ஒண்ணுந் தெரியாம விரலைச் சப்பிச் சாப்பிட்டிருக்கேன். குமட்டுது.

ஒண்ணு ஞாபகம் வருது. வீடு குடிவந்து ஒரு வருஷம் இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் சோத்துல சோப்பு வாசம் அடிச்சுது. செகப்புச் சோப்பு வாசம். எனக்குக் கோவம் வந்துருச்சு. கையைக் கூட ஒழுங்கா அலசத் தெரியாதா, இதுதான் உங்க வீட்டுல சொல்லிக் குடுத்த சுத்தமான்னு தட்டைத் தள்ளி விட்டுட்டேன். சோறெல்லாம் தரையில. உமா சின்னப் பிள்ளை, அழுதா. இந்திராணி குனிஞ்சு சோத்தைக் கூட்டி அள்ளிட்டு, மறுபடி உலை வச்சா. அப்புறம் அந்த வாசம் வந்ததே இல்லை. எலுமிச்சைத் தோலைத் தேச்சுக் கழுவுவா போல. அவ சோறு போடுறப்ப கையில லேசா எலுமிச்சை வாசம் வரும். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். இந்திராணி கைன்னாலே அந்த வாசந்தான்.

அன்னைக்காவது சொல்லியிருக்கலாம்ல சார்? இன்னதுக்குக் கையை விட்டேன், அதனாலதான் சோப்பு கூடிப் போச்சுன்னு ஒரு வார்த்தை. கட்டின புருஷன்கிட்ட என்ன ஒளிவுமறைவு? சொன்னாத்தானே தெரியும்? நான் என்ன மனுசன் இல்லையா?

என்ன கேக்குறீங்க? பஸ் சத்தத்துல சரியாக் கேக்கலை.

சொல்லியிருந்தா சாப்பிட்டிருப்பேனான்னா?

இருங்க. யோசிச்சுச் சொல்றேன்.

மாட்டேன் சார். அந்த ஒரு நாள் மட்டும் இல்லை, அதுக்கப்புறம் ஒரு நாளும் அவ கையால சாப்பிட்டிருக்க மாட்டேன். அது அவளுக்கு அன்னைக்கே தெரிஞ்சிருக்கு.